அந்த முனைக்கு யார் பொறுப்பு? வாட்டர்டவுன், 2013 ஏப்ரல் 19: ஒரு நிகழ்வு ஆய்வு

2013 ஏப்ரல் 19 அன்று, நள்ளிரவு தாண்டி ஒரு மணி இருக்கும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வாட்டர்டவுனில் ஓர் ஆம்புலன்ஸை போலீஸ்காரர் ஒருவர் ஓட்டிக்கொண்டு போனார். வண்டியில் வந்த தீயணைப்புத் துறையின் முதலுதவியாளர்கள் எல்லோரும் பின்னால் அடிபட்டவருக்குத் தேவைப்பட்டார்கள். ஸ்டியரிங்கைப் பிடிக்க வேறு ஆள் இல்லை. பின்னால் கிடந்தவரும் போலீஸ்காரர்தான், ரிச்சர்ட் டோனஹியூ. பாஸ்டன் வட்டாரத்தின் ரயில், பஸ் நிறுவனத்துக்கென்று இருக்கும் டிரான்சிட் போலீஸ் துறையைச் சேர்ந்தவர். தொடையின் பெரிய ரத்தக்குழாய் அறுந்து, உடம்பில் இருந்த ரத்தம் ஏறக்குறைய முழுதும் வடிந்திருந்தது. மவுண்ட் ஆபர்ன் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தபோது இதயத் துடிப்பு நின்றிருந்தது. அவர் பிழைத்தார்.

பாஸ்டன் மாரத்தானில் குண்டு வைத்த இருவரோடு நடந்த சண்டையில்தான் அவர் அடிபட்டார். ஆனால் அவர்மேல் பாய்ந்த தோட்டா அவர்களுடையதல்ல. சுற்றி நின்ற சக போலீஸார் சுட்டதில் ஒன்றுதான் அவரைத் தாக்கியிருக்க வேண்டும் என்று மாவட்ட அரசு வழக்கறிஞரின் விசாரணை பின்னர் சொன்னது. அன்று லாரல் தெருவில் துப்பாக்கியோடு நின்றவர்களில் பலர் அதற்கு முன் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. வெவ்வேறு துறை, வெவ்வேறு சீருடை.

வட்டாரத்துப் போலீஸ் படைகள் ஒன்று சேர்ந்து இயங்குவதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தத் தெருவுக்குத்தான் திரும்பி வருகிறேன். ஒத்துழைப்புக்கு வேண்டிய எல்லாம் அங்கே இருந்தது. ஒப்பந்தம், பணம், கவச வண்டி, பயிற்சி, நல்லெண்ணம், எதற்கும் குறைவில்லை. ஒன்றே ஒன்றுதான் இல்லை.

ஊருக்கு ஒரு போலீஸ்

தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரே காவல்துறை, ஒரே டி.ஜி.பி. ஸ்டேஷன் எல்லை பற்றி எவ்வளவு இழுபறி நடந்தாலும், மேலே போனால் ஒரு கட்டத்தில் ஒரே அதிகாரிதான் இருப்பார். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே சுமார் 18 ஆயிரம் போலீஸ் அமைப்புகள் உண்டு. ஒவ்வொரு ஊருக்கும் தனித் துறை, தனித் தலைவர், தனி பட்ஜெட். பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, ரயிலுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று. இவர்களில் எவரும் எவருக்கும் மேலதிகாரி கிடையாது.

வாட்டர்டவுன் இதற்கு நல்ல உதாரணம். சார்லஸ் ஆற்றங்கரையில், பாஸ்டனையும் கேம்பிரிட்ஜையும் ஒட்டிய ஊர். அப்போது சுமார் 32 ஆயிரம் பேர் வசித்தார்கள். அர்மீனியர்கள் பல தலைமுறைகளாகக் குடியிருக்கும் இடம். ஊர்ப் போலீஸ் மொத்தமே 65 பேர் அளவில்தான். இப்படிப்பட்ட ஊரில் ஒருவன் துப்பாக்கியோடு வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டால் என்ன செய்வது? கவச உடை, கேடயம், தொலைவிலிருந்து குறி பார்த்துச் சுடுபவர், பேச்சுவார்த்தை நடத்துபவர் என்று ஸ்வாட் எனப்படும் முழுநேரச் சிறப்பு ஆயுத அணி ஒன்றை வைத்துக்கொள்ள 65 பேர் கொண்ட துறையால் முடியாது. ஆண்டுக்கு ஓரிரு தடவை வரும் வேலைக்காக அப்படி வைப்பதும் சரியல்ல.

இதற்கு மாசசூசெட்ஸ் கண்ட வழி, ஊர்கள் சேர்ந்து வைத்துக்கொள்வது. 1963இல் பாஸ்டனின் வடக்கு, மேற்குப் புறநகர்ப் போலீஸ் தலைவர்கள் சேர்ந்து நெம்லெக் என்ற கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். பின்னர் ஐம்பது ஊர்கள் அளவுக்கு வளர்ந்தது. தெற்கே மெட்ரோலெக், நடு மாநிலத்தில் செம்லெக் என்று இதேபோல் வேறு கூட்டமைப்புகளும் வந்தன. ஒவ்வொரு ஊரும் தன் ஆட்களில் ஓரிருவரைக் கூட்டு அணிக்குத் தரும். அவர்கள் மற்ற நாட்களில் தங்கள் ஊரில் ரோந்து போவார்கள், வாகன விபத்து எழுதுவார்கள். மாதத்தில் சில நாட்கள் சேர்ந்து பயிற்சி எடுப்பார்கள். அழைப்பு வந்தால் உடுப்பை மாற்றிக்கொண்டு கிளம்புவார்கள். ஓர் ஊரின் போலீஸ்காரர் இன்னோர் ஊரில் அதிகாரத்தோடு வேலை செய்ய மாநிலப் பொதுச் சட்டத்தின் 40ஆம் அத்தியாயம், 8ஜி பிரிவு இடம் தருகிறது.

நல்ல ஏற்பாடு. ஆனால் இதற்குள்ளேயே ஓர் ஓட்டை. இந்தக் கூட்டமைப்புகள் அரசுத் துறைகளல்ல, லாப நோக்கற்ற தனியார் அமைப்புகளாகப் பதிவு செய்யப்பட்டவை. 2014இல் குடிமக்கள் உரிமைக்காகப் போராடும் அமைப்பான ஏ.சி.எல்.யூ., நெம்லெக்கின் ஸ்வாட் அணி எங்கெல்லாம் போனது, என்ன செய்தது என்று ஆவணம் கேட்டது. நாங்கள் தனியார் அமைப்பு, பொது ஆவணச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்று பதில் வந்தது. மக்கள் வரிப்பணத்தில் சம்பளம் வாங்கும் போலீஸ்காரர்கள், அரசு தந்த அதிகாரத்தில் கதவை உடைக்கிறார்கள். கணக்குக் கேட்டால் தனியார் என்கிறார்கள். இதை ஏற்கவே முடியாது. வழக்குப் போட்ட பிறகு 2015இல் சமரசமாகி ஆவணங்கள் வெளிவந்தன. ஊர்கள் அதிகாரத்தைப் பகிர்ந்துகொண்டபோது பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளவில்லை என்பதற்கு இது முதல் அடையாளம். லாரல் தெருவில் நடந்தது இரண்டாவது.

தலைவர்கள் தயாராக இருந்தார்கள்

ஏப்ரல் 15, திங்கட்கிழமை பிற்பகல் 2:49. பாஸ்டன் மாரத்தானின் முடிவுக் கோட்டருகே சில நொடி இடைவெளியில் இரண்டு பிரஷர் குக்கர் குண்டுகள் வெடித்தன. மூவர் இறந்தனர். 260க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர், பலர் கால்களை இழந்தனர்.

அந்தப் பிற்பகலில் மாநகர போலீஸ், மாநில போலீஸ், எஃப்.பி.ஐ., தீயணைப்பு, மருத்துவ சேவைத் தலைவர்கள் ஒருவரையொருவர் தேடிப் பிடித்து, வெஸ்டின் காப்ளி ஹோட்டலில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். யார் பெரியவர் என்ற சண்டை நடக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. மாரத்தான் ஹாப்கின்டனில் தொடங்கி பாஸ்டனில் முடிவதற்குள் எட்டு ஊர்களைக் கடக்கிறது. ஆண்டுதோறும் அந்த எட்டு ஊர்த் துறைகளும் மாநிலமும் மாதக்கணக்கில் சேர்ந்து உட்கார்ந்து திட்டம் போட வேண்டும். ஜூலை 4 கொண்டாட்டம், விளையாட்டு அணிகளின் வெற்றி ஊர்வலம், 2004இல் ஜனநாயகக் கட்சி மாநாடு என்று இவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பழகியவர்கள். 2011இலும் 2012இலும் அர்பன் ஷீல்டு என்ற பெயரில் 24 மணி நேரம் நீளும் கூட்டுப் பயிற்சியும் அங்கே நடந்திருந்தது.

மத்திய அரசின் பயங்கரவாதத் தடுப்பு நிதிக்காக வரையப்பட்ட பாஸ்டன் பெருநகர மண்டலத்தில் அப்போது ஒன்பது ஊர்கள் இருந்தன: பாஸ்டன், புரூக்லைன், கேம்பிரிட்ஜ், செல்சி, எவரெட், குவின்சி, ரிவியர், சோமர்வில், வின்த்ராப். வாட்டர்டவுன் அந்தப் பட்டியலில் இல்லை. கேம்பிரிட்ஜைத் தாண்டினால் அடுத்து வருவது அந்த ஊர்தான். ஓடுகிறவனுக்கு மண்டலக் கோடு தெரியுமா?

லாரல் தெரு

ஏப்ரல் 18 மாலை எஃப்.பி.ஐ. இரு சந்தேக நபர்களின் படங்களை வெளியிட்டது. அன்றிரவு பத்தரை மணி அளவில் கேம்பிரிட்ஜில் உள்ள எம்.ஐ.டி. வளாகத்தில் ரோந்து காரில் உட்கார்ந்திருந்த பல்கலைக்கழகப் போலீஸ்காரர் ஷான் காலியர் சுட்டுக் கொல்லப்பட்டார். சற்று நேரத்தில் அந்தச் சந்தேக நபர்களான சார்னாயேவ் சகோதரர்கள் ஒரு மெர்சிடிஸ் காரை அதன் ஓட்டுநரோடு கடத்தினார்கள். பெட்ரோல் பங்க்கில் அவர் கதவைத் திறந்து ஓடித் தப்பினார். அவருடைய போன் காரிலேயே கிடந்தது. அதையும் காரின் கண்காணிப்புக் கருவியையும் வைத்து கார் வாட்டர்டவுனில் இருப்பது தெரிந்தது.

போலீஸ் வயர்லெஸ் மைக்கில் வந்த செய்தி, கடத்தப்பட்ட கார் ஒன்று உங்கள் ஊர்ப் பக்கம் இருக்கிறது என்பதுதான். அதில் இருப்பவர்கள் மாரத்தான் குண்டுவெடிப்பைச் செய்தவர்கள் என்று அதைப் பின்தொடர்ந்த வாட்டர்டவுன் போலீஸ்காரருக்குத் தெரியாது. லாரல் தெருவுக்குள் திரும்பியதும் கார் நின்றது. அண்ணன் தாமர்லான் இறங்கி நேரே சுட ஆரம்பித்தான். அடுத்து வந்த சார்ஜன்டின் வண்டிக் கண்ணாடியைத் தோட்டா துளைத்தது. அவர் வண்டியை கியரில் விட்டுவிட்டுக் கீழே குதித்தார். ஆளில்லாத வண்டி மெதுவாக அவர்களை நோக்கி உருண்டது. உள்ளே ஆள் இருப்பதாக நினைத்து அதன்மேல் சுட்டார்கள். அந்தச் சில நொடிகள் இவருக்குக் கிடைத்தன. பைப் குண்டுகள் வெடித்தன. மாரத்தானில் வெடித்தது போன்ற ஒரு பிரஷர் குக்கர் குண்டும் குடியிருப்பின் நடுவில் வெடித்தது.

முதல் சில நிமிடங்கள் சண்டை போட்டவர்கள் வாட்டர்டவுன் போலீஸார் விரல்விட்டு எண்ணும் அளவில்தான். ஒருவரையொருவர் குரலிலேயே அடையாளம் தெரிந்தவர்கள். சார்ஜன்ட் ஜெஃப்ரி புக்லீஸி வீடுகளின் பின்புறத் தோட்டங்கள் வழியாகச் சுற்றிவந்து பக்கவாட்டில் இருந்து சுட்டார். தாமர்லானின் துப்பாக்கியில் தோட்டா தீர்ந்தது. துப்பாக்கியை அவர்மேல் வீசினான். அவனைத் தரையில் மடக்கி விலங்கு மாட்டிக்கொண்டிருந்தபோது தம்பி ஜோகர் மெர்சிடிஸை அவர்கள்மேல் ஏற்ற வந்தான். போலீஸார் விலகினார்கள். அண்ணன்மேல் வண்டி ஏறியது. ஜோகர் தப்பினான். சகோதரர்களிடம் இருந்தது ஒரே ஒரு கைத்துப்பாக்கி.

இதற்குள் வாட்டர்டவுனுக்கு வெளியே இருந்தும் போலீஸார் வந்து குவிந்துவிட்டார்கள். பாஸ்டன், கேம்பிரிட்ஜ், மாநிலம், டிரான்சிட். மைக்கில் துப்பாக்கிச் சத்தமும் அலறலும் கேட்டவர்கள், யாரும் அழைக்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு சக போலீஸ்காரர் கொல்லப்பட்ட இரவு அது. டோனஹியூவும் காலியரும் போலீஸ் பயிற்சிப் பள்ளியில் ஒன்றாகப் படித்து, 2010இல் ஒன்றாக வெளிவந்த நண்பர்கள். அவர் வராமல் இருந்திருப்பாரா?

ஆனால் வந்தவர்கள் தெருவின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்தார்கள். வண்டியை நின்ற இடத்தில் விட்டு இறங்கினார்கள். சண்டையின் கடைசி நொடிகளில் வந்த சிலர் எதை நோக்கிச் சுடுகிறோம் என்று சரியாகப் பார்க்காமலே சந்தேக நபர்கள் இருந்த திசையில் சுட்டதாக மாநில அரசின் ஆய்வறிக்கை சொல்கிறது. எதிரெதிரே நின்றுகொண்டு நடுவில் இருப்பவனை இரு தரப்பும் சுட்டால், அவனுக்குப் படாத தோட்டா எதிரில் நிற்கும் நண்பனை நோக்கிப் போகும். சில நிமிடங்களில் சுடப்பட்ட தோட்டாக்கள் 200க்கும் மேல். வீட்டுச் சுவர்களிலும் நிறுத்தியிருந்த கார்களிலும் துளைகள். தப்பியோடும் காரை நோக்கி எல்லோரும் சுட்டபோது டோனஹியூ சாய்ந்தார். பாஸ்டன் போலீஸ்காரர் டென்னிஸ் சிமண்ட்ஸ் அந்தத் தெருவில் குண்டு வெடித்ததில் தலையில் அடிபட்டு, அடுத்த ஆண்டு ஏப்ரலில் இறந்தார்.

ஜோகர் சற்றுத் தள்ளி காரை விட்டுவிட்டு இருட்டில் நடந்தே மறைந்தான். அன்றிரவே இன்னொன்றும் நடந்தது. போலீஸ் வண்டி ஒன்று திருடப்பட்டதாகத் தவறான தகவல் மைக்கில் பரவியது. அடையாளக் குறியில்லாத மாநில போலீஸ் வண்டி ஒன்று எதிரே வந்தபோது ஒரு போலீஸ்காரர் அதைச் சுட்டார். உள்ளே இருந்தவர்கள் போலீஸார். காயமின்றித் தப்பியது அதிர்ஷ்டம்.

அடைத்த ஊர்

விடியும்போது ஆர்சனல் தெரு மால்களின் கார் நிறுத்துமிடங்கள் போலீஸ் முகாம் ஆகியிருந்தன. நெம்லெக், மெட்ரோலெக், பாஸ்டன், மாநிலம், மத்திய அரசு, அண்டை மாநிலங்கள் என்று நூறு துறைகளுக்கு மேல் வந்திருந்தன. 2,000க்கும் மேற்பட்ட போலீஸார். 65 பேர் கொண்ட துறையின் தலைவர் எட் டெவோ தன் ஊரில் இத்தனை பேரோடு நிற்கிறார்.

இருபது தெருத்தொகுதிகள் அளவில் வளையம் போட்டு, வீடு வீடாகத் தேடினார்கள். வாட்டர்டவுன், பாஸ்டன், கேம்பிரிட்ஜ், நியூட்டன் உள்ளிட்ட ஊர்களின் மக்கள் வீட்டைவிட்டு வெளியே வர வேண்டாம் என்று ஆளுநர் டெவால் பேட்ரிக் கேட்டுக்கொண்டார். சட்டப்படி அது உத்தரவு அல்ல, வேண்டுகோள். கிட்டத்தட்ட பத்து லட்சம் பேர் நாள் முழுதும் கேட்டு நடந்தார்கள். ரயில், பஸ் நின்றன.

கூட்டு ஸ்வாட் அணிகள் நன்றாக வேலை செய்த பகுதி இதுதான். காரணம் எளிது. இங்கே அணி அணியாக வந்தார்கள், தனித்தனியாக அல்ல. இன்ன தெரு இன்ன அணிக்கு என்று பிரித்துக் கொடுத்தார்கள். அணிக்கு ஒரு தலைவர். கதவைத் தட்டுபவர், முதலில் நுழைபவர், பின்புறம் காப்பவர் என்று அவரவர் இடம் பயிற்சியிலேயே தீர்மானமானது. ஐம்பது ஆண்டுப் பழக்கம் பலன் தந்தது. வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் அது இதமான நாளாக இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தன் வீட்டு வாசலில் கவச வண்டியும் தானியங்கித் துப்பாக்கியும் நிற்க, கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவர்கள் அந்தக் காட்சியை மறக்கப் போவதில்லை. அந்தத் தேடல்களின் சட்டத் தகுதி பற்றிய வாதம் பல காலம் நடந்தது.

மாலை ஆறு மணி அளவில், ஆள் கிடைக்காமலே, மக்கள் வெளியே வரலாம் என்று அறிவித்தார்கள்.

படகு

ஃபிராங்க்ளின் தெருவில் ஒருவர் காற்று வாங்க வெளியே வந்தார். பின்கட்டில் குளிர்காலத்துக்காகப் பிளாஸ்டிக் உறை போட்டு நிறுத்தியிருந்தது அவருடைய படகு. உறையின் பட்டை ஒன்று தளர்ந்திருந்தது. ஏணியை எடுத்து வந்து, ஏறி எட்டிப் பார்த்தார். ரத்தம். அதற்கப்பால் சுருண்டு கிடக்கும் உடல். இறங்கி 911க்கு போன் செய்தார். அந்த வீடு போலீஸ் போட்ட வளையத்துக்குச் சற்று வெளியே இருந்தது என்று அன்றே அதிகாரிகள் சொன்னார்கள்.

மறுபடியும் லாரல் தெருவின் கதை. நிமிடங்களில் பல துறைகளின் போலீஸார் படகைச் சுற்றி நின்றார்கள். மாநில போலீஸ் ஹெலிகாப்டரின் வெப்பக் கேமராவில் உள்ளே உடல் அசைவது தெரிந்தது. உறைக்குள்ளிருந்து ஏதோ குத்துவது போலத் தெரிந்ததும், யாரும் சொல்லாமல் ஒரு போலீஸ்காரர் சுட்டார். அந்தச் சத்தத்தைப் படகிலிருந்து வந்த துப்பாக்கிச் சூடு என்று நினைத்து மற்றவர்கள் சுட, படகு சல்லடையாகியது. உள்ளே இருந்தவனிடம் துப்பாக்கியே இல்லை.

அதை நிறுத்தியது ஒரு குரல். பாஸ்டன் போலீஸின் வில்லியம் எவன்ஸ், சுடுவதை நிறுத்துங்கள் என்று கத்தினார். அது அவர் ஊரல்ல. சுட்டவர்கள் எல்லோரும் அவர் ஆட்களும் அல்ல. இருந்தும் நிறுத்தினார்கள். அதன்பின் பொறுப்பு எஃப்.பி.ஐ.யின் பணயக் கைதி மீட்புப் படைக்குப் போனது. ஒளியும் ஓசையும் தரும் குண்டுகள், கவச வண்டி, பேச்சுவார்த்தை நடத்துபவர் என்று நிதானமாக நகர்ந்து, இரவு எட்டே முக்கால் மணி அளவில் உயிரோடு பிடித்தார்கள். படகிலிருந்து அவனை இறக்கியவர்களில் டிரான்சிட் போலீஸ் ஸ்வாட் அணியினரும் இருந்தார்கள். டோனஹியூவின் துறை.

உயிரோடு பிடித்தது எவ்வளவு முக்கியம் என்பதை அந்தப் படகின் உட்சுவரே காட்டியது. குண்டு வைத்ததற்கான காரணத்தை ஜோகர் அதில் பென்சிலால் எழுதியிருந்தான். 2015இல் நடந்த வழக்கில் அரசுத் தரப்பின் முக்கிய ஆதாரங்களில் அதுவும் ஒன்று. அந்த எழுத்துகளின் நடுவிலும் போலீஸ் தோட்டாக்கள் போட்ட துளைகள் இருந்தன. அந்தக் கணத்துச் சூட்டில் அவன் இறந்திருந்தால் வழக்கும் இல்லை, கேள்விகளுக்கு விடையும் இல்லை.

இல்லாமல் போன ஒன்று

ஹார்வர்டு கென்னடி பள்ளி ஆய்வாளர்கள் 2014இல் இதை அலசினார்கள். மாநில அரசின் அறிக்கை 2015இல் வெளிவந்தது. இரண்டும் தொட்ட இடம் ஒன்றுதான். மேல்மட்டத் தலைமை அருமையாகச் சேர்ந்து இயங்கியது. தெருமட்டத்தில், ஒரு முனையில் நிற்கும் பத்துப் பேருக்குள், தலைமை என்று ஒன்று உருவாகவில்லை.

இது ஏன் என்று யோசித்தால் நியாயமாகத்தான் படுகிறது. தலைவர்களுக்கு ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள ஆண்டுதோறும் மாரத்தான் இருந்தது. ஸ்வாட் அணியினருக்கு மாதந்தோறும் பயிற்சி இருந்தது. இரவுப் பணியில் ரோந்து காரில் இருக்கும் சாதாரணப் போலீஸ்காரருக்கு எதுவும் இல்லை. ஆனால் எந்தப் பேராபத்திலும் முதலில் போய் நிற்பவர் அவர்தான். ஸ்வாட் வருவதற்குள் லாரல் தெரு முடிந்துவிட்டது. படகைச் சுற்றி முதலில் நின்றவர்களும் அழைப்பைக் கேட்டு ஓடிவந்தவர்களே. கூட்டு ஒப்பந்தத்தின் பணமும் கவனமும் கவச வண்டியிலும் சிறப்பு அணியிலும் போய்ச் சேர்ந்தன. ஆபத்து அதற்கு முந்தைய பத்து நிமிடங்களில் இருந்தது.

மும்பையில் 2008 நவம்பரில் இதே பாடம் வேறு வடிவில் வந்தது. என்.எஸ்.ஜி. கமாண்டோக்கள் டெல்லி அருகே மானேசரிலிருந்து வந்து களத்தில் இறங்க மறுநாள் காலை ஆனது. அதன்பின் 2009இல் சென்னை, மும்பை, ஹைதராபாத், கொல்கத்தாவில் படை மையங்கள் வந்தன. தேவையான முடிவுதான். ஆனாலும் சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்தில் முதலில் எதிர்த்து நின்றவர்கள் அங்கே பணியில் இருந்த ரயில்வே போலீஸார்.

ஹார்வர்டு ஆய்வாளர்களின் பரிந்துரையில் எனக்குப் பிடித்தது அதன் எளிமை. பல துறையினர் ஓரிடத்தில் கூடிவிட்டால், அந்தச் சின்ன இடத்துக்கு உடனே ஒருவர் தலைமை ஏற்க வேண்டும், மற்றவர்கள் எந்தச் சீருடையில் இருந்தாலும் கீழ்ப்படிய வேண்டும். இதை எல்லாத் துறைகளும் முன்கூட்டியே ஒரே மாதிரி விதியாக வைத்து, பயிற்சிப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டும். தீயணைப்புத் துறைக்கு இது புதிதல்ல. 1970இல் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ ஊர்களை அழித்தபோது, உதவிக்கு வந்த பல துறைகளுக்குள் பொதுத் தலைமையும் பொது மொழியும் இல்லாமல் திண்டாடினார்கள். அதன் விளைவாகப் பிறந்த கட்டளை முறையில், முதலில் வந்து சேர்ந்த வண்டியின் அதிகாரிதான் பொறுப்பு, மேலதிகாரி வந்து முறைப்படி வாங்கிக்கொள்ளும்வரை. எல்லோரும் அதற்குப் பழகிவிட்டார்கள். போலீஸ் வேலை இயல்பாகவே தனியாள் வேலை. ஒரு காரில் ஒருவர், தன் முடிவு தன் கையில். அந்தப் பழக்கத்தை ஒரு நொடியில் விட வேண்டுமென்றால் அதற்கும் பயிற்சி வேண்டும்.

ஐரோப்பாவில் அட்லஸ் என்ற வலையமைப்பு இருக்கிறது. உறுப்பு நாடுகளின் சிறப்புப் படைகளை இணைப்பது. 2001இல் தொடங்கியது. 2008இல் ஐரோப்பிய ஒன்றியக் கவுன்சில் அதற்குச் சட்ட வடிவம் தந்தபோது, உதவிக்குப் போகும் படை, அழைத்த நாட்டின் பொறுப்பிலும் கட்டளையிலும் சட்டத்துக்கு உட்பட்டும் இயங்க வேண்டும் என்று எழுதி வைத்தது. மொழியே வேறான இரு நாட்டுப் படைகளுக்கு இடையே யார் சொல்வது செல்லும் என்பது காகிதத்தில் இருக்கிறது. ஒரே மொழி பேசும், பத்து நிமிடத் தொலைவில் இருக்கும் இரு ஊர்ப் போலீஸுக்கு நடுவில் லாரல் தெருவில் அது இல்லை.

தென்னிந்தியாவிலோ வேறெங்கோ இப்படி ஒரு கூட்டுப் படைக்குத் திட்டம் எழுதுகிறவர் எவராக இருந்தாலும், அவர் முன்னால் மூன்று கேள்விகளை வைப்பேன். அழைக்காமல் வருகிறவர்கள் முதலில் எங்கே போய் நிற்க வேண்டும், யாரிடம் பெயர் கொடுக்க வேண்டும்? சீருடையில்லாதவரையும் அடையாளக் குறியில்லாத வண்டியையும் இருட்டில் எப்படி இனம் காண்பது? ஆம்புலன்ஸ் போவதற்கு எந்தத் தெருவைக் காலியாக வைப்பது, அதைக் காலியாகவே வைத்திருக்கும் ஆள் யார்? கவச வண்டிக்கு டெண்டர் விடும் முன் இந்த மூன்றுக்கும் ஒரு பக்கத்தில் விடை எழுதிவிடலாம். செலவு ஒன்றுமில்லை. பக்கத்து மாவட்டத்து இரவு ரோந்துக்காரர்களை ஆண்டுக்கு இரண்டு முறை ஒரே மைதானத்தில் கூட்டி, இருட்டில், சைரன் சத்தத்தில், இதைச் செய்து பார்க்கச் சொன்னால் போதும்.

டோனஹியூ நீண்ட சிகிச்சைக்குப் பின் பணிக்குத் திரும்பினார். 2016இல் ஓய்வு பெற்றார். காலில் பாய்ந்த தோட்டாவை எடுத்தால் ஆபத்து கூடும் என்று மருத்துவர்கள் அதை அப்படியே உள்ளே விட்டிருந்தார்கள். அது எந்தத் துறைக்காரரின் துப்பாக்கியிலிருந்து வந்தது என்பது முடிவாகவில்லை.